திருகாணியும் தாய்மொழியும்



வழுக்கி விழுந்த முதியவருக்கு ‘இடுப்பு முறிந்துவிட்டது’ என்கிறோம். பெரும்பாலும் முறிவது தொடையெலும்பின் மேல்முனையே. அங்கே பந்து போன்ற தலைப்பகுதியும் அதைத் தாங்கும் குறுகிய கழுத்தும் உள்ளன. அக்கழுத்து முறிந்தால் செய்யப்படும் திருகாணிச் சிகிச்சை குறித்தே இன்று பேச விழைகிறோம்.

திருகாணி நம் பாட்டிமார்க்குப் புதிய சொல்லன்று. தோட்டைக் காதில் நிறுத்துவது அதுவே. மருத்துவர் ஊடுகதிர்ப் படத்தைத் திரையில் பார்த்தவாறு, தொடையின் பக்கவாட்டில் கீறி, பெரும்பாலும் மூன்று திருகாணிகளைக் கழுத்தின் வழியே தலைக்குள் செலுத்துகிறார். மரை முழுவதும் முறிவுக்கோட்டைத் தாண்டிப் பதிந்தால்தான் முடுக்கும்போது இரு துண்டுகளும் நெருங்கும். மூன்றும் இணையாக அமைவதால், காலூன்றும்போதும் முறிமுனைகள் ஒன்றையொன்று அழுத்திக் கூடுகின்றன.

எல்லா முறிவுக்கும் இது பொருந்தாது. தலைப்பகுதிக்குரிய முதன்மையான குருதிக்குழாய்கள் கழுத்தை ஒட்டியே செல்கின்றன. எலும்பு இடம்பெயர்ந்தால் அவை அறுபடக்கூடும். குருதியின்றித் தலைப்பகுதி நாளடைவில் சிதையலாம். இடப்பெயர்வின் அளவைக் கொண்டே 1961-இல் பிரிட்டிஷ் மருத்துவர் கார்டன் இம்முறிவுகளை நான்கு நிலைகளாக வகுத்தார். இடம்பெயராத முறிவுக்குத் திருகாணியும், வெகுவாக இடம்பெயர்ந்திருப்பின் முதியோருக்குச் செயற்கை மூட்டும் பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகின்றன. இளையோருக்கோ சொந்த எலும்பைக் காக்கவே முதலில் முயல்வர்.

முடிவெடுக்கக் கிடைப்பது ஓரிரு நாளே. படுக்கையில் கிடக்கக் கிடக்க நுரையீரல் அழற்சியும் படுக்கைப்புண்ணும் குருதிக்கட்டியும் முதியவரை நெருங்குகின்றன. அந்த அவசரத்தில் விளக்கம் ஆங்கிலத்தில் பிள்ளைகளிடம் போய்ச் சேரலாம். “ஸ்க்ரூ போடுவார்களாம், அம்மா” என்னும் ஒற்றை வரி மட்டும் தாயிடம் வந்து சேரலாம். உடலோ அவருடையது, ஒப்புதலும் அவருடையது. திருகாணி விலகினால் மறு அறுவை தேவைப்படலாம் என்பதையும், எப்போது, எவ்வளவு காலூன்றலாம் என்பதையும் அறியும் உரிமை அவருக்கு உண்டு. அறியாதவர் அஞ்சி எழ மறுப்பார்; எழாதவருக்கு அறுவையின் பயன் குன்றும்.

எலும்பின் கழுத்து, மரை, திருகாணி, குருதியோட்டம்: வேண்டிய சொற்களெல்லாம் நம் வீட்டிலேயே உள்ளன. மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுவோம். அவர் இல்லாதபோது கட்டிலருகே அமர்ந்து நாமே பொறுமையாகச் சொல்வோம். கேட்டபின் அவர் சொல்லும் விடையே முடிவாகட்டும்.