சாட்சியும் சார்பும்



இந்தச் சொற்பொழிவு யாருடைய நினைவாக ஆண்டுதோறும் நடைபெற்று வருகிறதோ, அந்தப் பெரியவர் தம் பெயரை ஒருநாளும் பத்திரிகையில் கண்டவரல்லர். முப்பது வருஷத்துக்கு மேலாக ஓர் அச்சுக்கூடத்தின் பின்கட்டில் புரூப் திருத்தியே காலங்கழித்தவர். இருபது வயதில் நான் அவரிடம் தொழில் கற்கப் போன முதல் மழைக்காலத்தில், ஆற்றில் வெள்ளம் வந்து ஒரு கிராமத்தின் கீழத்தெருவை அடித்துக்கொண்டு போயிற்று. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சர்க்காரின் அசட்டையைக் கண்டு ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலை புரூப் திரும்பி வந்தபோது, "கொதித்தெழுந்தார்கள்" என்ற சொல்லின் கீழே சிவப்பு மையில் ஒரு கோடும், ஓரத்தில் "பார்த்தீரா?" என்ற ஒற்றைக் கேள்வியும் இருந்தன. நான் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் நனைந்த நெல்லைப் பரப்பி, வாய்திறவாமல் அதைக் கையால் துழாவிக்கொண்டிருந்த நாலைந்து பேரைத்தான் பார்த்தேன். கொதிப்பு என்னுடையது, அதை அவர்கள் பேரில் எழுதிவிட்டேன். அந்த ஒற்றைக் கேள்வியின் விரிவுரையே இன்று நான் பேசப் போவது.

பழமையில் பற்றுடையவன் என்று என்னைச் சொல்வோர் உண்டு. அதை நான் மறுப்பதில்லை. மனிதனைத் திருத்தி அமைக்கும் மகத்தான திட்டங்களைக் கண்டால் எனக்கு உண்டாகும் அச்சமும், தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த சிறிய தர்மங்களில், அதாவது பொய் சொல்லாமை, வாக்குத் தவறாமை, அயலான் பசியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்ளாமை ஆகியவற்றில், எனக்குள்ள விசுவாசமும் ஒரே வேரில் கிளைத்தவை. பத்திரிகையின் சார்பைப் பற்றி நம் பக்கத்தார் பேசும்போதெல்லாம், இந்தப் பத்திரிகை நம்மைத் திட்டியது, அந்தப் பத்திரிகை நம் கூட்டத்தை ஆறாம் பக்கத்தில் போட்டது என்று குறைப்படுவதோடு நின்றுவிடுகிறார்கள். விஷயம் அதைவிட ஆழமானது. 1933-ஆம் ஆண்டின் வசந்தகாலத்தில் ருஷியாவில் நடந்த ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டால் அந்த ஆழம் தெரியவரும்.

கேரத் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் தேசத்து வாலிபருக்கு அப்போது இருபத்தேழு வயது. கேம்பிரிட்ஜில் படித்தவர், ருஷிய பாஷையை நன்றாகப் பேசக்கூடியவர், பிரிட்டனின் முன்னாள் பிரதம மந்திரி லாயிட் ஜார்ஜிடம் வேலை பார்த்தவர். அவருடைய தாயார் இளம்வயதில் உக்ரேனில், ஜான் ஹ்யூஸ் என்ற வேல்ஸ்காரர் இரும்பாலை வைத்து உண்டாக்கிய ஊரில், அக்குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவராகையால், அந்த நாட்டைப் பற்றிய கதைகளைக் கேட்டே மகன் வளர்ந்தார். அந்த மார்ச் மாதத்தில் அவர் மாஸ்கோவில் ரொட்டியும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் வாங்கி மூட்டை கட்டிக்கொண்டு, கார்கோவ் செல்லும் ரயிலில் ஏறி, ஊர் வருவதற்கு முன்பே ஒரு சிறு நிலையத்தில் இறங்கி, பனியில் கால்நடையாகவே கிராமம் கிராமமாகச் சென்றார். ரொட்டி இல்லை, சாகிறோம் என்பதே போன இடமெல்லாம் அவர் காதில் விழுந்த பேச்சு.

ரயிலில் நடந்ததாக அவர் எழுதிய ஒரு சம்பவத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். உடன் பிரயாணம் செய்த கம்யூனிஸ்ட் கட்சிக்காரர் ஒருவர், பஞ்சம் என்பதே கிடையாது என்று சாதித்துக்கொண்டிருக்கிறார். ஜோன்ஸ் பதில் சொல்லாமல், தாம் தின்றுகொண்டிருந்த ரொட்டியின் ஓரத்தை எச்சில் துப்பும் பாத்திரத்தில் எறிகிறார். எதிரே இருந்த குடியானவன் ஒருவன் அதைத் துழாவி எடுத்து ஆவலோடு தின்றுவிடுகிறான். பிறகு ஆரஞ்சுத் தோலை எறிகிறார்; அதையும் அவன் பாய்ந்து எடுத்துத் தின்கிறான். கட்சிக்காரர் அதன்பின் வாய் திறக்கவில்லை. குடியானவன் எந்தத் தத்துவத்துக்கும் விரோதி அல்ல. அவனுக்குப் பசித்தது, அவ்வளவுதான். தானியத்தைக் கடைசி மூட்டை வரை சர்க்கார் வாரிக்கொண்டு போயிருந்தது. 1932 ஆகஸ்டில் பிறப்பித்த சட்டப்படி கூட்டுப்பண்ணை வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கினாலும் மரண தண்டனையோ பத்து வருஷச் சிறையோ விதிக்கலாம். 1933 ஜனவரியில் பசித்தவர்கள் ஊரைவிட்டு வெளியேறவும் தடை வந்தது. உக்ரேனில் மட்டும் 35 லட்சத்திலிருந்து 40 லட்சம் பேர் வரை மாண்டிருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கணக்கு.

மார்ச் 29-ஆம் தேதி பெர்லினில் ஜோன்ஸ் தாம் கண்டதை வெளியிட்டார். இரண்டே நாளில், மார்ச் 31-ஆம் தேதி, நியூயார்க் டைம்ஸில் அதற்கு மறுப்பு வந்தது. எழுதியவர் வால்டர் டூரன்டி. 1922 முதல் அப்பத்திரிகையின் மாஸ்கோ நிருபர். ஸ்டாலினைப் பேட்டி கண்டவர். முந்திய ஆண்டுதான் புலிட்சர் பரிசு பெற்றவர். ருஷியர்களுக்குப் பசி உண்டு, பட்டினிச் சாவு இல்லை. சத்தான ஆகாரம் போதாமையால் நோய்வாய்ப்பட்டு இறப்பவர் மட்டும் அதிகம் என்பது அவர் கட்சி. ஜோன்ஸ் நல்ல பிள்ளைதான், ஆனால் அவசரப்பட்டுவிட்டார் என்று பெரியமனித தோரணையில் ஒரு வார்த்தை. முட்டையை உடைக்காமல் ஆம்லெட் போட முடியாதே என்று இன்னொரு வார்த்தை. அதே டூரன்டி, அந்த ஆண்டு செப்டம்பரில் மாஸ்கோவிலிருந்த பிரிட்டிஷ் தூதரகத்தாரிடம், ஆகாரமின்மையால் நேராகவோ மறைமுகமாகவோ மாண்டவர்கள் ஒரு கோடி வரை இருக்கலாம் என்று சொன்னதாகத் தூதரகக் குறிப்பே இருக்கிறது. தெரியாமல் எழுதினார் என்று சொல்ல வழியில்லை. தூதரகத்து அறைக்குள் ஒரு கணக்கும், உலகம் படிக்கும் தாளில் இன்னொரு கணக்கும் அவரிடம் இருந்தன.

ஒருவர் மட்டும் செய்த காரியமாக இருந்தால் தனிமனிதனின் இழிவு என்று விட்டுவிடலாம். அப்போது மாஸ்கோவிலிருந்த யுனைடெட் பிரஸ் நிருபர் யூஜீன் லயன்ஸ், சோவியத் ஆட்சியில் பெருநம்பிக்கை கொண்டு போய் மனம் முறிந்து திரும்பியவர், 1937-இல் வெளிவந்த தம் புத்தகத்தில் வெட்கத்தோடு ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறார். பிரிட்டிஷ் இஞ்சினியர்கள் சிலரைச் சதிக் குற்றம் சாட்டி மாஸ்கோவில் விசாரிக்கவிருந்த சமயம் அது. அந்த விசாரணைக்குள் நுழைய வேண்டுமானால் தணிக்கை அதிகாரியின் தயவு வேண்டும். அந்த அதிகாரியோடு ஒரு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து, எந்த வார்த்தைகளால் ஜோன்ஸை மறுப்பது என்று பேரம் பேசி முடித்து, பிறகு வோட்கா வரவழைத்துக் குடித்தார்களாம் நிருபர்கள். பஞ்சத்தை அவர்கள் எல்லோரும் அறிந்திருந்தார்கள் என்பதையும் அவரே எழுதுகிறார்.

சர்க்காரின் கையில் ஒரு பத்திரிகையாளனுக்கு வேண்டிய பொருள் ஒன்று இருந்துவிட்டால் போதும். அடிக்க வேண்டியதில்லை, சிறையில் தள்ள வேண்டியதில்லை. மாஸ்கோவில் அது விசாரணைக்குள் நுழையும் அனுமதி. நம் நாட்டில் அது பத்திரிகைக் காகிதமாக இருந்த காலம் உண்டு. எத்தனை பக்கம் அச்சிடலாம் என்பதை டில்லி தீர்மானித்த அந்தக் கொள்கையை 1972-இல் சுப்ரீம் கோர்ட் செல்லாது என்று தள்ளியது. பர்மிட்டுக்கும் லைசென்ஸுக்கும் எதிராக ராஜாஜி தம் எண்பதாம் வயதில் 1959-இல் சுதந்திராக் கட்சி கண்டு போராடியதை வியாபாரிகளின் சண்டை என்று எண்ணியவர்கள், எழுதுகிறவனின் முதுகெலும்பும் அந்தப் பர்மிட்டுக்குள்தான் அடங்கியிருந்தது என்பதைக் காணத் தவறினார்கள்.

ஆனால் பயமும் பேராசையும் பாதிக் காரணந்தான். மற்றப் பாதி, பக்தி. கூட்டுறவு இயக்கத்தையும் தொழிற்சங்கங்களையும் பற்றி எழுதிப் பேரெடுத்த சிட்னி வெப்பும் பியாட்ரிஸ் வெப்பும் விலைபோகக்கூடியவர்கள் அல்லர். அவர்கள் 1935-இல் சோவியத் ஆட்சியைப் புதிய நாகரிகமா என்ற கேள்விக்குறியோடு வர்ணித்து ஒரு பெரும் புத்தகம் எழுதி, ஸ்டாலினின் களையெடுப்பு உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த 1937-இல் மறுபதிப்புச் செய்தபோது அந்தக் கேள்விக்குறியையும் எடுத்துவிட்டார்கள். அந்த அம்மையாரின் சகோதரி மகளை மணந்தவரே மால்கம் மக்கரிட்ஜ். 1920-களில் நம் பக்கத்து ஆலுவாயில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். மான்செஸ்டர் கார்டியன் நிருபராகப் பெரும் ஆசையோடு மாஸ்கோ போன அவர், தணிக்கைக்குத் தப்பத் தூதரகப் பை வழியே அனுப்பிய பஞ்சக் கட்டுரைகள் 1933 மார்ச் கடைசியில் பெயரில்லாமல் வெளியாயின. ஒரே குடும்பத்தில் பெரியம்மா நம்ப விரும்பினார். மருமகன் போய்ப் பார்த்தார். எதிர்காலத்தில் வரப்போகும் கோடி மனிதர்களிடம் அளவற்ற அன்பு வைத்து, எதிரே எச்சில் பாத்திரத்தைத் துழாவும் ஒரு மனிதனைக் காண முடியாமற்போகும் இந்தக் குருட்டுத்தனத்தையே நான் சார்பு என்கிறேன்.

ருஷியாவுக்கு விருந்தாளிகளாகப் போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 1930-இல் ரவீந்திரநாத் தாகூர் போனார். 1932-இல் நம் ஈ.வெ.ரா. போனார். காட்டியதைக் கண்டு, மெச்சத்தக்கதை மெச்சினார்கள். தாகூரோ புறப்படுமுன் இஸ்வெஸ்தியா பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில், கோபத்தையும் பழிவாங்கும் எண்ணத்தையும் மக்கள் மனத்தில் வளர்ப்பது தகாது என்று துணிந்து எச்சரித்தார். அந்தப் பேட்டி அங்கே அச்சேற 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி நம் பக்கத்தாருக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் மேடையிறங்க எனக்கு மனம் ஒப்பாது. பொதுவுடைமைக்குப் பரம வைரியான அமெரிக்கப் பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்ட், 1935-இன் தொடக்கத்தில் ஜோன்ஸின் கட்டுரைகளை வெளியிட்டார்; அது நல்ல காரியம். அடுத்த மாதமே தாமஸ் வாக்கர் என்ற பெயரில் ஒருவன் கொடுத்த பஞ்சப் படங்களையும் பக்கம் பக்கமாக வெளியிட்டார். அவற்றில் பல, 1921-22-ஆம் ஆண்டு வால்கா நதிக்கரைப் பஞ்சத்தில் எடுத்த பழைய படங்கள். ஆசாமியோ சிறையிலிருந்து தப்பியோடியவன். குட்டு வெளிப்பட்டது. பொய்ப் படத்தைக் காட்டி மெய்ப் பஞ்சத்தையே கட்டுக்கதை என்று சாதிப்பவர்களுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் அது ஆயுதமாயிற்று. லட்சக்கணக்கானவர்கள் உண்மையிலேயே மாண்டிருக்க, அவர்களுக்காகப் பரிந்து பேச ஒரு பொய்யைத் துணைக்கழைத்த பாவத்தை நம் கட்சியின் கணக்கில்தான் எழுத வேண்டும். எதிரியின் பொய் நம்மைக் காயப்படுத்தும். நம்மவன் பொய்யோ நம் வாயையே அடைத்துவிடுகிறது.

ருஷியப் பஞ்சத்துக்குப் பத்து ஆண்டு கழித்து வங்காளத்தில் பஞ்சம் வந்தது. யுத்தகாலம், சர்க்கார் பஞ்சம் என்று பிரகடனம் செய்ய மறுத்தது. ஆங்கிலேயருக்குச் சொந்தமான ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையின் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸும் ஆங்கிலேயர். ஆட்சி அவருடைய இனத்தாரின் ஆட்சி. யுத்தம் அவருடைய தேசத்தின் உயிர்ப் போராட்டம். வாளாவிருக்க அவருக்கு இல்லாத நியாயமில்லை. 1943 ஆகஸ்ட் 22-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கல்கத்தா வீதியில் கிடந்த எலும்புக்கூடு போன்ற பெண்களையும் குழந்தைகளையும் படமெடுத்து அவர் அச்சிட்டார். அடுத்த வாரமும் அச்சிட்டார். அதன்பின் டில்லியாலும் லண்டனாலும் காணாதது போல் இருக்க முடியவில்லை. ராஜ விசுவாசம் அவருக்கு இல்லாமற்போகவில்லை. தம் ஆட்சியின் மானம் இந்தப் படங்களை மறைப்பதால் காக்கப்படாது என்று கண்டவர் அவர். நான் மதிக்கும் பழமைப்பற்று அதுவே.

டூரன்டி 1957-இல் காலமானார். 1931-இல் எழுதிய கட்டுரைகளுக்காகக் கொடுத்த பரிசு அது, அவற்றில் வேண்டுமென்றே வஞ்சித்ததற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்று 2003-இல் புலிட்சர் குழு தீர்மானித்ததால், பரிசு இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. ஜோன்ஸ் சோவியத் நாட்டுக்குள் மறுபடி நுழைய அனுமதிக்கப்படவில்லை. 1935 ஆகஸ்டில், தம் முப்பதாவது பிறந்தநாளுக்கு முந்திய நாள், மங்கோலியப் பக்கத்தில் கொள்ளைக்காரர் கையில் சிக்கி உயிர்விட்டார். அவர் கிராமம் கிராமமாக நடந்தபோது சட்டைப்பையில் வைத்திருந்த சிறு குறிப்பேடுகளைக் குடும்பத்தார் வீட்டிலேயே பல பத்தாண்டு வைத்திருந்தார்கள். 2009-இல் அவர் படித்த கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியின் ரென் நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவற்றை விரித்து வைத்தார்கள். யார் என்ன சொன்னார்கள், எத்தனை மாடு செத்தது, வீட்டில் எத்தனை நாளாக ரொட்டி இல்லை என்று, நடந்த இடத்திலேயே நின்று அவசர அவசரமாக எழுதிய வரிகள்.