பாஸ்கா: வீட்டு விழா

'பாஸ்கா' என்றதும் திண்டுக்கல் சமவெளிக் கத்தோலிக்கர் பலர்க்கு, இரவில் ஊர்கூடிக் காணும் இயேசுவின் பாடுகள் நாடகமே நினைவில் எழும். அச்சொல்லோ எபிரேய விழாவொன்றின் பெயர். எகிப்தின் அடிமைத்தளை நீங்கிய இரவை யூதர் தத்தம் இல்லத்தில் புளியாத அப்பம் உண்டு போற்றுவர்.

குடும்ப விழா என்னும் அப்பொருளை இழவாது காத்தவர், கொடைக்கானல் மலைக்கு மேற்கே வாழும் கேரளத்துச் சிரியன் கிறித்தவரே. பெரிய வியாழனன்று அரிசிமாவும் உளுந்தும் கலந்து, புளிக்கவிடாது அவித்த அப்பத்தில் குருத்தோலைச் சிலுவை பதிப்பர். இரவில் குடும்பத் தலைவர் அதனைப் பிட்டு, மூத்தோர் முதலாக வழங்குவார். வெல்லமிட்ட தேங்காய்ப்பால் உடன் வரும். அவ்வாண்டு சாவு கண்ட வீட்டில் அப்பம் அவிப்பதில்லை. அயலார் கொணர்ந்து தருவர். திண்டுக்கல் ஊர்களிலும் துக்க வீட்டில் உலை ஏறாது. அயலார் சோறே அங்குச் செல்லும்.