ஏரியைச் சுற்றி ஓர் ஊர்: கோடைக்கானலில் விளையாட, சாப்பிட, வாங்க



கோடைக்கானலுக்குப் போய்வந்தவர்களிடம் "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு பட்டியல் வரும். தூண் பாறை, குணா குகை, பசுமைப் பள்ளத்தாக்கு, பைன் காடு. காலையில் வேனில் ஏறி, ஒவ்வோர் இடத்திலும் கால் மணி நேரம் இறங்கி, மாலைக்குள் அத்தனையையும் முடித்துவிடுகிறார்கள். அந்த இடங்களெல்லாம் அழகானவைதான். ஆனால் கோடைக்கானல் ஓர் ஊர். மக்கள் வாழ்கிற, விளைவிக்கிற, சமைக்கிற, சந்தைக்குப் போகிற ஊர். அந்த ஊரை அறிய வேண்டுமானால் ஏரியை நடுவில் வைத்துக்கொண்டு நிதானமாக நடக்க வேண்டும். இன்று உங்களை அந்த நடைக்கு அழைத்துப் போகிறேன்.

வத்தலக்குண்டு வழியாக மலை ஏறுவோம். காட்ரோடு தாண்டியதும் வளைவுகள் தொடங்கிவிடும். டம் டம் பாறையில் வண்டியை நிறுத்தி எதிர்ப்பக்க மலையைப் பாருங்கள். ஒரு வெள்ளைக் கோடு செங்குத்தாக இறங்கும். அதுதான் தலையாறு அருவி. எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். மழைக்குப் பிறகு பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. அங்கிருந்து மேலே ஏறி, ஊத்து தாண்டினால் பெருமாள்மலை. பழனிச் சாலை வந்து சேர்கிற இடம் இது. சுற்றுவட்டாரமெல்லாம் காப்பித் தோட்டம். இங்கே ஒரு காப்பி குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்து வருவது வெள்ளி நீர்வீழ்ச்சி. ஏறத்தாழ 180 அடி உயரத்திலிருந்து சாலையோரத்திலேயே விழுகிறது. கோடைக்கானல் ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் இப்படி அருவியாக இறங்குகிறது. ஆக, ஏரியைக் காணும் முன்பே ஏரியின் தண்ணீரைக் கண்டுவிடுகிறோம். பிறகு செண்பகனூர், மூஞ்சிக்கல், ஏழு ரோடு சந்திப்பு. அதைத் தாண்டிச் சரிவில் இறங்கினால் ஏரி.

இந்த ஏரி இயற்கையாக அமைந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. மதுரையில் ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ் 1863ஆம் ஆண்டில் இங்கிருந்த சதுப்பு நிலத்து ஓடையை மறித்துக் கரை கட்டினார். பள்ளங்களுக்குள்ளெல்லாம் தண்ணீர் புகுந்து நிற்பதால் ஏரி விரித்த கையைப் போல இருக்கிறது. அதனால் எந்த இடத்தில் நின்றாலும் முழு ஏரி கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு திருப்பத்திலும் புதிதாக ஒரு பகுதி திறக்கும். கரையை ஒட்டிய சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். ஏற்றம் அதிகம் இல்லை. வயதானவர்களும் உட்கார்ந்து உட்கார்ந்து நடந்துவிடலாம்.

முதலில் விளையாட்டு. காலை ஏழு மணிக்கெல்லாம் கரைக்கு வந்துவிடுங்கள். கூட்டம் சேரும் முன் வாடகை சைக்கிள் எடுத்து ஒரு சுற்று வந்தால், அதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை. இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கிற சைக்கிளும் கிடைக்கும். பிள்ளைகளுக்குச் சின்ன சைக்கிளும் உண்டு. குதிரைச் சவாரி வேண்டுமென்றால், எவ்வளவு தூரம், எவ்வளவு பணம் என்று ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். களைத்த குதிரையில் ஏற வேண்டாம்.

படகுக்கு இரண்டு இடங்கள். ஒன்று 1890இல் தொடங்கிய கோடைக்கானல் படகுக் கழகம். மற்றொன்று தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை. மிதி படகும் இருக்கிறது, துடுப்புப் படகும் இருக்கிறது. என் விருப்பம் துடுப்புப் படகுதான். படகோட்டி வலித்துக்கொண்டு போக, நீங்கள் கரையோர மரங்களையும் நீர்ப் பறவைகளையும் பார்த்துக்கொண்டு போகலாம். சில நேரம் பனிமூட்டம் இறங்கி ஏரியையே மறைத்துவிடும். பயப்பட வேண்டாம், சிறிது நேரத்தில் விலகிவிடும். லைஃப் ஜாக்கெட்டை மட்டும் கழற்றாதீர்கள்.

ஏரியின் கிழக்குப் பக்கத்தில் பிரையண்ட் பூங்கா. வனத்துறை அதிகாரி பிரையண்ட் 1908ஆம் ஆண்டில் உருவாக்கியது. ஆண்டுதோறும் மே மாதம் மலர்க் கண்காட்சியும் கோடை விழாவும் நடக்கும். விழா நாட்களில் ஏரியில் படகுப் போட்டியும் அலங்காரப் படகு அணிவகுப்பும் உண்டு. பூங்காவின் புல்வெளியில் பிள்ளைகளை ஓட விட்டுவிட்டு, பெரியவர்கள் ரோஜாப் பாத்திகளின் ஓரம் உட்காரலாம்.

அங்கிருந்து சற்று மேலே நடந்தால் கோக்கர்ஸ் வாக். 1872இல் லெப்டினன்ட் கோக்கர் அமைத்த நடைபாதை. மலையின் விளிம்பை ஒட்டி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் போகிறது. மேகம் இல்லாத காலையில் கீழே பெரியகுளம் பக்கத்துச் சமவெளி முழுவதும் விரிந்து கிடக்கும். பகல் ஏற ஏற மேகம் மேலே வந்துவிடும் என்பதால் இதைப் பிற்பகலுக்குத் தள்ளிவைக்காதீர்கள்.

அறிவியலில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இருந்தால், ஏரியிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி மேட்டில் இருக்கிற சூரிய ஆய்வகத்துக்கு அழைத்துப் போங்கள். 1899 முதல் இயங்குகிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதை வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தது இங்கேதான். இன்றும் உலகம் முழுவதும் அதை எவர்ஷெட் விளைவு என்றே சொல்கிறார்கள். நம் பழனி மலைத்தொடரில் நடந்த கண்டுபிடிப்பு என்று சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மலர்வதைப் பாருங்கள்.

நடந்தால் பசிக்கும். மலைக் காற்றில் இன்னும் அதிகமாகப் பசிக்கும். ஏரிக்கரையிலேயே தொடங்கலாம். கரி அடுப்பில் சுட்ட சோளக்கதிரில் எலுமிச்சையும் மிளகாய்த்தூள் உப்பும் தேய்த்துத் தருவார்கள். சுடச்சுட மிளகாய் பஜ்ஜி, பிரெட் ஆம்லெட், இஞ்சி தட்டிப் போட்ட டீ. கழுவிய கேரட்டைத் தழையோடு கட்டி வைத்திருப்பார்கள். அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மலை மண்ணில் விளைந்த கேரட்டைப் பறித்த அன்றே கடித்துப் பார்த்தால், அதன் இனிப்பு தனி.

மதியச் சாப்பாட்டுக்குப் பேருந்து நிலையத்தின் பக்கமும் கடைவீதியிலும் உள்ள மெஸ்களுக்குப் போங்கள். ஆவி பறக்கும் சோறும் ரசமும் குளிருக்கு இதமாக இருக்கும். மலைப்பூண்டு போட்ட குழம்பு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். இது திண்டுக்கல் மாவட்டம் என்பதால் சீரகச் சம்பா அரிசிப் பிரியாணியும் கிடைக்கும்.

கோடைக்கானல் சாப்பாட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1845இலேயே அமெரிக்கப் பாதிரிமார்கள் மதுரையின் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் தப்பி இங்கே வீடு கட்டினார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காக 1901இல் தொடங்கிய பள்ளிதான் இன்றைய கோடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி. ரொட்டி சுடுவதும் கேக் செய்வதும் இந்த ஊரில் வேர் பிடித்தது இப்படி வந்த பழக்கத்தால்தான். பள்ளியை அடுத்த பி.டி. ரோட்டில் பேக்கரிகளும் சின்னச் சின்ன உணவகங்களும் வரிசையாக இருக்கின்றன. அதே தெருவில் திபெத்தியச் சாப்பாடும் கிடைக்கும். ஆவியில் வெந்த மோமோவும், காய்கறியோ இறைச்சியோ போட்ட துக்பா என்னும் நூடுல்ஸ் சூப்பும் குளிர்ந்த மாலைக்குப் பொருத்தம். சற்றுத் தள்ளி வட்டக்கானல் போனால், இஸ்ரேலியப் பயணிகள் நெடுங்காலமாக வந்து தங்கியதால், கொண்டைக்கடலையை அரைத்துச் செய்யும் ஹம்முஸும் ஃபலாஃபலும்கூடக் கிடைக்கின்றன. ஒரே மலையில் இத்தனை நாட்டு அடுப்புகள் எரிகின்றன என்பதே கோடைக்கானலின் சிறப்பு.

இனி, கடைவீதி. உங்கள் பயணம் ஞாயிற்றுக்கிழமையில் அமைந்தால் அதிர்ஷ்டம். அன்றுதான் வாரச் சந்தை. மலைக் கிராமங்களிலிருந்து காய்கறி வந்து இறங்கும். பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, பீட்ரூட். ஊர்க்காரர்கள் ஒரு வாரத்துக்கு வாங்கிப் போவார்கள். பைகளோடு நீங்களும் அவர்களோடு நில்லுங்கள்.

அடுத்தது மலைப்பூண்டு. கோடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, வில்பட்டி ஆகிய ஊர்களில் படிப்படியாக வெட்டிய வயல்களில் விளைகிறது. மணமும் காரமும் அதிகம். புகை போட்டுப் பக்குவப்படுத்திக் கட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. வேறு ஊர்ப் பூண்டையும் மலைப்பூண்டு என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. ஆகவே ஒரு பல்லை உரித்து முகர்ந்து பார்த்து வாங்குங்கள். இன்னும் நல்லது, பூம்பாறைக்கே போய் விவசாயிகளிடம் வாங்குவது. ஏறத்தாழ இருபது கிலோமீட்டர்தான். அங்குள்ள குழந்தை வேலப்பர் கோயிலையும் தரிசித்துவிட்டு வரலாம்.

பழங்களைப் பருவம் பார்த்து வாங்க வேண்டும். மே, ஜூன் மாதங்களில் பிளம்ஸ். அதற்குப் பின் பேரிக்காய். காப்பித் தோட்டங்களில் விளைகிற பட்டர் ஃப்ரூட், பேஷன் ஃப்ரூட், மரத்தக்காளி ஆகியவையும் வரும். பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கத்து மலைவாழைப் பழம் சின்னதாக, தோல் தடித்து, தனி மணத்தோடு இருக்கும். பழனிப் பஞ்சாமிர்தத்தின் சுவைக்கு மூலம் மலைவாழைதான்.

வீட்டில் செய்த சாக்லேட்டைக் கோடைக்கானலில் எல்லாத் தெருவிலும் பார்ப்பீர்கள். உறையில் தயாரித்த தேதியும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று கவனியுங்கள். கொஞ்சம் சுவைத்துப் பார்த்து வாங்குங்கள். கீழே இறங்கும்போது வண்டியின் வெயில் படாத பக்கத்தில் வையுங்கள். தைல மரத்து எண்ணெய், தேன், காப்பித்தூள், கம்பளி ஆடைகள் ஆகியவையும் கிடைக்கும். தொண்டு அமைப்புகள் நடத்துகிற கைவினைக் கடைகளில் ஊர்ப் பெண்கள் தைத்த பைகளும் பொம்மைகளும் இருக்கும். எந்த ஊரிலும் கிடைக்கிற பிளாஸ்டிக் பொம்மைக்குக் கொடுக்கும் பணத்தை இவற்றுக்குக் கொடுத்தால், அது இந்த மலையிலேயே தங்கும்.

கடைவீதியை முடித்தபின் நேரம் இருந்தால், ஏரியிலிருந்து மூன்று கிலோமீட்டரில் இருக்கிற குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கும் போய்வாருங்கள். இலங்கைத் தமிழ்ப் பெருந்தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் லீலாவதி அம்மையார் 1936இல் கட்டியது. வானம் தெளிவாக இருந்தால் இங்கிருந்து பழனி மலை தெரியும். கோயிலின் பெயரில் இருக்கிற, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிற குறிஞ்சி மலர் கடைசியாகப் பரவலாகப் பூத்தது 2018இல். அடுத்தது 2030. இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் சில செய்திகள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். இணையத்திலேயே கட்டணமின்றி எடுத்துவிடலாம். கம்பளிச் சட்டையும் குடையும் எல்லா மாதங்களிலும் வேண்டும். அந்தி சாய்ந்தபின் ஏரிச் சாலையில்கூடக் காட்டுமாடுகள் வரும். அவை பார்ப்பதற்குச் சாதுவாக நிற்கும். ஆனாலும் விலகி நின்று வழிவிடுங்கள். படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள். பிளாஸ்டிக் பாட்டிலை மேலே கொண்டுபோகாதீர்கள். கரையில் நாம் வீசுகிற ஒவ்வொன்றும் ஏரியில் விழுந்து, அருவியோடு இறங்கிக் காட்டுக்குள் போய்ச் சேரும்.

கூட்டம் பிடிக்காதவர்கள் மே மாதத்தையும் தொடர் விடுமுறைகளையும் தவிர்த்துவிடுங்கள். ஜூலையிலோ ஜனவரியிலோ, வாரத்தின் நடுவில் போங்கள். இரண்டு நாள் தங்குங்கள். ஒரு நாள் முழுவதையும் ஏரிக்கும் அதைச் சுற்றிய தெருக்களுக்கும் கொடுங்கள். சைக்கிள் தருபவரிடமும் சோளம் சுடுகிற அம்மாவிடமும் சந்தையில் பூண்டு விற்கிற பெரியவரிடமும் நின்று பேசுங்கள். எந்தப் பாதையில் நடக்கலாம், எந்தப் பழம் எப்போது வரும், எந்தக் கடையில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு நடந்தால், உங்கள் பயணம் வேறு யாருடைய பயணத்தைப் போலவும் இருக்காது.