கேட்போரும் பேசும் கூட்டம்
(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் வாலிப அங்கத்தவர் ஒருவர் நிகழ்த்திய உரை)



நமது சனிக்கிழமைக் கூட்டங்களைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். நாம் குறை சொல்லப் போகிறோம் என்று முன்னரே அறிந்திருந்தால் பணித்திருப்பார்களோ என்னவோ!

கூட்டம் நடைபெறும் முறையை யாவரும் அறிவோம். பேச்சாளர் ஒன்றேகால் மணி நேரம் பேசுவார். முடிவில் தலைவர், "ஐயங்கள் உண்டா?" என்று வினவுவார். வாலிபர் தூண்களைப் போல் இருப்பர். பின்பு நன்றியுரை, தேவாரம், வடை, தேநீர். வடை கைக்கு வந்த பின்னர்தான் வாய் திறக்கிறது. அப்போது வாசற்படியில் நின்று பேசப்படும் விஷயங்கள், உள்ளே பேசப்பட்டவற்றைவிடச் சில வேளைகளில் ஆழமானவை.

ஒருநாள் தம்பி ஒருவர் துணிந்து உள்ளேயே கேட்டுவிட்டார். "ஆணவமலம் அநாதி என்கிறீர்கள். தொடக்கமில்லாத ஒன்றுக்கு முடிவு மாத்திரம் எப்படி வரும்?" என்றார். பெரியவர் ஒருவர், "முதலில் திருமுறையைப் பாடமாக்கு தம்பி, பிறகு கேள்வி கேட்கலாம்" என்று அன்போடுதான் சொன்னார். ஆனால் அந்தத் தம்பி அதன்பின் வரவில்லை. அவர் கேட்டது அதிகப்பிரசங்கமா? நமது சித்தாந்த சாத்திரங்களே எடுத்து ஆராய்ந்த ஐயம் அது. செம்பிற் களிம்பையும் நெல்லின் உமியையும் உவமை காட்டி ஆசிரியர்கள் விடை சொன்னதும் அதற்காகவே. உமாபதி சிவாசாரியரோ, குருவை நோக்கிய வினாக்களையே வினா வெண்பா என்று ஒரு நூலாக்கினார். அவரை யாரும் வாயடைக்கவில்லை.

பிரசங்கம் கேட்பதே நமது பழைய மரபு என்று சிலர் எண்ணுகின்றனர். இங்கே சரித்திரத்தைச் சற்றுப் பார்க்கவேண்டும். ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31ஆம் நாள், வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலிலே தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். பின்னர் வெள்ளிதோறும் அது நடைபெற்றது. கார்த்திகேசையரும் முறைமாறிப் பேசினார். நாவலர் பேர்சிவல் பாதிரியாரின் வெஸ்லியன் மிசன் பாடசாலையில் கற்று, அங்கேயே கற்பித்தவர். பாதிரிமாரின் பிரசங்க மேடையை அருகிலிருந்து கண்டவர். அந்த மேடையைச் சைவத்துக்கு ஆக்கிக்கொண்டதே அவருடைய பெருந்துணிவு. அந்நாளில் அது புதுமை. அவர் அன்று புகுத்திய புதுமையையே இன்று நாம் அசைக்கலாகாத பழைமை என்று பிடித்துக்கொண்டிருக்கிறோம்!

அதனினும் பழைய முறை நமது ஊர்க் கோவில்களில் உண்டு. புராண படனத்தைச் சொல்கிறோம். ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றவர் பயன் சொல்வார். பதம் பிரித்தது பிழையென்றால், கேட்டிருக்கும் அறிந்தோர் திருத்துவர். அங்கே கேட்பவரும் படிப்பில் பங்காளர். நன்னூலார் இதற்குக் கணக்கே போட்டு வைத்திருக்கிறார். ஆசிரியர் சொன்னதை நன்கு கொண்டாலும் கிடைப்பது காற்பங்கு. உடன் கற்போரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு. பிறருக்கு எடுத்துரைப்பதால் மற்றைய அரைப்பங்கு. அப்படியானால், நமது சங்கம் அங்கத்தவருக்குக் கொடுப்பது காற்பங்குதான்.

மிசன் பாடசாலையிற் கற்ற நாம் ஒன்றை மறைக்கமாட்டோம். அங்கே வேத வகுப்பில் மாணவர் வட்டமாக இருந்து, ஒவ்வொருவரும் ஒரு பகுதியை வாசித்துத் தமக்குத் தோன்றியதைச் சொல்வார்கள். நமது சமயத்தைப் பற்றி அப்படிப் பேசுவதற்கு நமக்கு ஓர் இடம் இருக்கவில்லை. அந்த ஏக்கத்தோடுதான் இந்தச் சங்கத்தில் சேர்ந்தோம்.

கல்கிசையிலிருந்து காலி வீதியில் தெற்கே, இரத்மலானையைக் கடந்தால் மொறட்டுவை. சர்வோதய இயக்கத்தின் தலைமையகம் அங்கே இருக்கிறது. 1958இல் ஆரியரத்ன என்ற ஆசிரியர் நாலந்தாக் கல்லூரி மாணவரைக் கனத்தொலுவைக் கிராமத்துக்குச் சிரமதானத்துக்கு அழைத்துச் சென்றதில் முளைத்தது அவ்வியக்கம். அவர்களுடைய முகாம்களிலே மண்வெட்டி வேலை பாதி என்றால், கிராமத்தவரும் வந்தவரும் ஒன்றாக அமர்ந்து பேசும் 'குடும்பச் சந்திப்பு' மறுபாதி. நமது சிரமதானங்களில் வேலை முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறோம்.

சென்ற சில மாதங்களாக நாம் எட்டுப் பேர் ஓர் அங்கத்தவர் வீட்டில் கூடிப் பார்த்தோம். முதல் நாள் படுதோல்வி. இருவரே பேசினர், அவர்களுள் நாமும் ஒருவர். அடுத்த முறை, பெயர் எழுதாத சீட்டுகளிலே வினாக்களை எழுதி ஒரு செம்பிலே போட்டோம். அன்றுவரை பேசாத தங்கை ஒருவர், தாம் எடுத்த சீட்டுக்கு விடை தெரியாமல், தம் பாட்டியாரிடம் கேட்டு வந்து மறுவாரம் கால் மணி நேரம் விளக்கினார். நன்னூலாரின் அரைப்பங்கை அன்று கண்ணாற் கண்டோம்.

ஆகவே பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். பேச்சை அரை மணி நேரத்தில் நிறுத்துங்கள். பிறகு எங்களோடு வட்டத்தில் வந்து அமருங்கள். நீங்கள் இல்லாமல் வாலிபர் மாத்திரம் பேசினால் அது வெறும் அரட்டையாகிவிடும் என்பதை நாம் அறிவோம். "எனக்குத் தெரியாது, தேடிப் பார்ப்போம்" என்று நீங்கள் சொன்னால் உங்கள் மதிப்புக் குறையாது. பிரசிநோபநிடதத்தில் பிப்பலாத முனிவர் தம்மிடம் வந்த ஆறு பேருக்கும், தாம் அறிந்திருந்தாற் சொல்வதாகத்தானே வாக்களித்தார்!

அடுத்த சனிக்கிழமை கதிரைகளை வட்டமாக வைப்பதற்கு நான்கு பேர் மாலை நான்கு மணிக்கே வரவேண்டும். அந்தத் தம்பியின் வீட்டுக்கு நாம் இன்றிரவே போகிறோம். திருமுறையைப் பாடமாக்கச் சொன்ன பெரியவரும் எங்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.