கட்டுப் போட முடியாத புண்



கையில் வெட்டுப்பட்டால் மருந்து வைத்துக் கட்டுகிறோம். தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்கிறோம். எச்சில் ஊறுகிற இடத்தில், சாப்பாடு போகிற வழியிலேயே புண் இருந்தால்? தாடை சீரமைப்பு அறுவை செய்துகொண்டவர்களின் பாடு அதுதான்.

துருத்திய தாடையை, உள்வாங்கிய தாடையை, எலும்பை வெட்டி நகர்த்தி டைட்டானியம் தகடும் திருகும் வைத்துப் பொருத்துகிறார்கள். கீழ்த்தாடையை வாய்க்குள்ளிருந்தே வெட்டிச் சீராக்கும் முறையை ட்ரௌனர், ஓப்வெகேசர் என்ற இரு ஆஸ்திரிய மருத்துவர்கள் 1957-ல் விரிவாக எழுதினார்கள். முகத்தில் பெரிய தழும்பு விழுவதில்லை. ஆனால் தையல் வாய்க்குள், கிருமிகளுக்கு நடுவே கிடக்கிறது. அங்கே சுத்தம்தான் கட்டு.

இதில் ஒரு சங்கடம். கீழ்த்தாடை அறுவைக்குப் பிறகு கீழுதடும் முகவாயும் சில வாரங்கள், சிலருக்கு மாதக்கணக்கில், மரத்துக் கிடக்கும். குடித்த கஞ்சியின் குருணை ஈறோரம் ஒட்டியிருந்தாலும் தெரியாது. சூடு பட்டாலும் உறைக்காது. ஆகவே கஞ்சியோ ரசமோ, ஆறவைத்து, வடிகட்டிக் குடியுங்கள். குடித்ததும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டு மெதுவாகக் கொப்பளியுங்கள். பிறகு வெளிச்சத்தில் நின்று கண்ணாடியைப் பாருங்கள். உதடு சொல்லாததைக் கண்ணாடி சொல்லும்.

பல் துலக்கச் சின்னக் குழந்தைகளுக்கான மெத்தென்ற பிரஷ் போதும். பல்லில் மாட்டிய கிளிப்பைச் சுற்றித் துலக்குங்கள். தையலில் பட வேண்டாம். குளோர்ஹெக்சிடின் மருந்துநீர் கொடுத்திருந்தால், பற்பசை போட்டுத் துலக்கி அரை மணி நேரம் கழித்துக் கொப்பளியுங்கள். பற்பசை அதன் வீரியத்தைக் குறைத்துவிடும். தையல்மேல் மஞ்சள்தூளோ கிராம்புத் தைலமோ வைக்காதீர்கள்.

ஆன்டிபயாட்டிக் மாத்திரை எழுதிக் கொடுத்தால், வலி விட்டதென்று பாதியில் நிறுத்தாதீர்கள். பீடி, சிகரெட், புகையிலை கூடவே கூடாது. புண்ணுக்குப் போகும் ரத்த ஓட்டத்தை அவை குறைக்கின்றன. சர்க்கரை நோயாளிகள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தாக வேண்டும். மேல்தாடை அறுவை என்றால், மருத்துவர் சொல்லும்வரை மூக்கைப் பலமாகச் சிந்தாதீர்கள்.

எப்போது பயப்பட வேண்டும்? முதல் இரண்டு, மூன்று நாள் வீக்கம் ஏறும், அது இயல்பு. பிறகு வற்றத் தொடங்கும். வற்றிய வீக்கம் மறுபடி ஏறினால், அதிலும் ஒரு பக்கம் மட்டும் ஏறினால், கவனியுங்கள். வாயில் கெட்ட ருசி, சீழ், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். மூச்சுவிடவோ எச்சில் விழுங்கவோ சிரமப்பட்டால் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள். சீக்கிரம் போனால் மருந்திலேயே அடங்கலாம். தாமதித்தால் சீழைக் கீறி எடுக்கவோ தகட்டைக் கழற்றவோ நேரலாம்.

எலும்பு கூடச் சுமார் ஆறு வாரம் ஆகும். அதுவரை வாஷ்பேசின் பக்கத்தில் உப்பு டப்பா, சின்ன பிரஷ், கைக்கண்ணாடி மூன்றும் இருக்கட்டும்.