மடத்து நிலம் யாருக்குப் போயிற்று?

(தொழிலாளர் வகுப்பில் பேசியது)

தோழர்களே! மடத்துச் சொத்தை சர்க்கார் எடுத்துக்கொண்டால் ஏழைக்கு விடிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எடுக்கிற சர்க்கார் யாருடையது என்று முதலில் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

எட்டாம் ஹென்றி என்ற ராஜா, 1536 முதல் 1540 வரை, சுமார் 800 மடங்களை மூடினான். முதலில் வருஷ வருமானம் 200 பவுண்டுக்குக் குறைந்த சின்ன மடங்கள், பிறகு பெரியவை. கூரையில் வேய்ந்த ஈயத்தைக்கூட உரித்து உருக்கினார்கள். மணிகளையும் விடவில்லை.

மடாதிபதிகளுக்காக நான் கண்ணீர் வடிக்கவில்லை. அவர்களும் நிலப்பிரபுக்கள்தான். மடத்து நிலத்தில் பாடுபட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த வாசலில் ஏழைக்கு ரொட்டி கிடைத்தது. வழிப்போக்கனுக்கு ராத்தங்க இடம் கிடைத்தது. அது போயிற்று.

நிலம் உழுதவனுக்கு வந்ததா? இல்லை. ராஜாவுக்கு பிரெஞ்சுக்காரனோடு சண்டை போடப் பணம் வேண்டியிருந்தது. 1547-ல் அவன் சாவதற்குள் பெரும்பகுதி நிலம் பிரபுக்களுக்கும் அரண்மனை உத்தியோகஸ்தர்களுக்கும் வியாபாரிகளுக்கும் போய்விட்டது. காசு போட்டவன் காசு எடுக்கத்தானே பார்ப்பான்! பல இடங்களில் குத்தகை ஏறிற்று. பொது மேய்ச்சல் நிலத்தை வேலியடைத்து ஆடு விடும் அக்கிரமம் முன்பே இருந்தது. புது எஜமானர்கள் அதையும் தொடர்ந்தார்கள்.

மில் தோழர்கள் இதைக் கேளுங்கள். மாம்ஸ்பரி என்ற ஊரில் மடத்தை வாங்கியவர் வில்லியம் ஸ்டம்ப் என்ற ஜவுளி முதலாளி. மடத்துக் கட்டிடங்களில் மூலைக்கு மூலை தறி போட்டார். சாமி கும்பிட்ட இடத்தில் ஒரு பகுதியை மட்டும் ஊர் ஜனங்களுக்குக் கோயிலாக விட்டார்கள்.

ஜனங்கள் சும்மா இருந்தார்களா? 1536-லேயே வடக்கே சுமார் 30,000 பேர் திரண்டு எழுந்தார்கள். மடங்களைத் திரும்பத் திறக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. ராஜாவின் ஆட்கள் இனிக்க இனிக்கப் பேசி, வாக்குறுதி கொடுத்துக் கலைத்தார்கள். மறு வருஷம் தலைவர் ராபர்ட் ஆஸ்கை யார்க் நகரில் தூக்கில் போட்டார்கள்.

பெரிய மடங்களின் துறவிகளுக்காவது பென்ஷன் கிடைத்தது. மடத்துச் சமையல்காரனுக்கும் மாட்டுக்காரனுக்கும் அது ஏது? பிழைப்பில்லாமல் ரோட்டில் அலைந்தவர்களுக்கு 1547-ல் ஒரு சட்டம் வந்தது. வேலையின்றித் திரிகிறவன் நெஞ்சில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டு, இரண்டு வருஷம் அடிமையாக வைத்துக்கொள்ளலாம்! 1550-ல் அதை ரத்து செய்தார்கள். ஊர்தோறும் வரி போட்டு ஏழைக்குச் சோறிடும் சட்டம் முழு உருப்பெற்றது 1601-ல்தான். கடைசி மடம் மூடி அதற்குள் 61 வருஷமாகிவிட்டது.