பிள்ளைகளுக்கு நாம் பட்ட கடன்

(புதிய கல்வியாண்டின் தொடக்கத்தையொட்டி, அல்லைப்பிட்டியில் மாணவரும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)





இத்தகைய கூட்டங்களிலே பேச வருவோர், “நன்றாகப் படியுங்கள், நம்பிக்கையோடிருங்கள், நாளைய உலகம் உங்களுடையது” என்று சொல்லிவிட்டு மாலையோடு இறங்கிப் போவது வழக்கம். நாம் சட்டம் பயின்றவர்கள். சாட்சியம் இல்லாத வழக்கை எந்த நீதிமன்றமும் ஏற்காது என்பது எமக்குத் தெரியும். ஆகவே, பிள்ளைகளை நோக்கி நம்பிக்கை கொள்ளுங்கள் என்று சொல்லுமுன், அந்த நம்பிக்கைக்குரிய சாட்சியங்களை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

மண் சொல்லும் சாட்சியம்

எமது முதற் சாட்சி, நீங்கள் காலூன்றி நிற்கும் இந்த மண். இது நாட்டின் ஓரத்திலே கிடக்கும் மணற்றிட்டி. இங்கே பிறந்தவனுக்குப் பனையும் கடலுமே கதி என்று பட்டினத்தார் சிலர் எண்ணுகிறார்கள். நம்மவர் சிலரும் அப்படியே நம்பிவிட்டார்கள். ஆனால் 1977 ஆம் ஆண்டில் ஜோன் காஸ்வெல் என்னும் ஆய்வாளர் அல்லைப்பிட்டியிலே அகழ்ந்தபோது வெளிப்பட்டவை யாவை? சீன நாட்டிலே சொங் அரச வமிசத்தார் ஆண்ட காலத்து மட்கலங்களின் உடைவுகள்! பின்னர் 2018 இல் சாங்காய் நூதனசாலையைச் சேர்ந்த அறிஞர்கள் கடல் கடந்து வந்து, இலங்கை ஆய்வாளர்களோடு சேர்ந்து இந்த ஊரிலே மீண்டும் அகழ்ந்தார்கள். ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன், சீனக் கடலிலிருந்து புறப்பட்ட மரக்கலங்களின் சரக்கு இக்கரையிலே இறங்கியிருக்கிறது. உலகம் வந்து போன வழியிலே பிறந்த பிள்ளைகள் நீங்கள்.

இரண்டாவது சாட்சி, நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலே நிற்கும் ஒரு கல். முதலாம் பராக்கிரமபாகு மன்னன் 12 ஆம் நூற்றாண்டிலே பொறிப்பித்த சட்டம் அது. ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டாருக்குப் பாதுகாப்பளிக்க வேண்டும் என்று அக்கல் கூறுகின்றது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கேற்றிய கலம் உடைந்தால் இருவருக்கும் சரிபாதி என்று அது விதிக்கின்றது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட மன்னன் அச்சட்டத்தை எந்த மொழியிலே எழுதுவித்தான்? தமிழிலே எழுதுவித்தான்! உங்கள் வகுப்பறையிலே வழங்கும் மொழி, இத்தீவுக் கடலிலே உலக வணிகத்தை நெறிப்படுத்திய சட்டத்தின் மொழியாக இருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

மூன்றாவது சாட்சி ஒரு மனிதர். 1913 இல், இதே தீவிலே, ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனிலே பிறந்தவர் தனிநாயகம் அடிகள். ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலே எழுத்துக் கற்ற அச்சிறுவரே, 1964 இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். 1966 இல் கோலாலம்பூரிலே முதலாவது உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டினார். அவர் புத்தகங்களைச் சுமந்து சென்ற கரம்பொன் இங்கிருந்து வெகு தூரத்திலில்லை.

மறைக்கக் கூடாத சாட்சியம்

ஆனால், ஒரு பக்கத்துச் சாட்சியத்தை மட்டும் சொல்லி மறுபக்கத்தை மறைப்பவன் நேர்மையான சட்டத்தரணி அல்லன். இவ்வூர் பட்ட துயரை நீங்கள் அறிவீர்கள். 1990 ஓகஸ்டில் இங்கும் மண்டைதீவிலும் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர்கள் வீடு திரும்பவில்லை. 2006 மே 13 இரவு, இவ்வூரிலும் அயற்கிராமங்களிலுமாக 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒன்று நான்கு மாதக் குழந்தை. அதே ஆண்டு ஓகஸ்டில், பிலிப்பு நேரியார் ஆலயத்திலே தஞ்சம் புகுந்த மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்தன. காயமுற்றோரைக் காப்பாற்றப் பாடுபட்ட பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார், அம்மாதம் 20 ஆம் நாள் காணாமற்போனார். இவற்றுக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

பிள்ளைகளிடம் இவற்றைச் சொல்லலாமா என்று சில தாய்மார் எம்மைக் கேட்டார்கள். வீட்டிலே மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்து, “இவர் யார் அம்மா?” என்று பிள்ளை கேட்கத்தானே செய்கிறது? பொய் சொல்லி வளர்த்த நம்பிக்கை உண்மை தெரியும் நாளிலே உடைந்துவிடும். உண்மை அறிந்த பின்னும் காலையிலே எழுந்து, முகங்கழுவி, புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்கு நடக்கிறதே ஒரு பிள்ளை, அந்த நடையிலே உள்ள நம்பிக்கை உடையாது. வெறிச்சோடிப் போன இக்கிராமத்துக்குத் திரும்பி வந்து, மீண்டும் கிணறு இறைத்து, மீண்டும் பாடசாலை மணி ஒலிக்கச் செய்த உங்கள் பெற்றோரும் பேரன்மாரும் பேர்த்திமாருமே அதற்குச் சான்று.

சட்டம் என்ன சொல்கிறது?

இனி, பெரியோர்களை நோக்கி ஒரு சொல். 1945 இலே கன்னங்கராவின் முயற்சியால் இந்நாட்டிலே இலவசக் கல்வி வந்தது. 5 வயது முதல் 16 வயது வரை பிள்ளை பாடசாலையிலே இருந்தாக வேண்டும் என 2016 இலே விதி செய்யப்பட்டது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27 ஆவது உறுப்புரை, எல்லா மட்டத்திலும் எல்லாருக்கும் சமமான கல்வி வாய்ப்பை உறுதி கூறுகின்றது. ஆனால் 29 ஆவது உறுப்புரையோ, அந்த உறுதிமொழியை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாது என்கிறது. பெட்டியைத் தந்துவிட்டுத் திறப்பைத் தாமே வைத்துக்கொண்டார்கள்!

என்றாலும் நாம் கையற்றவர்கள் அல்லர். சட்டத்தின்முன் சமத்துவம் 12 ஆவது உறுப்புரையிலே இருக்கிறது. தேசிய மொழியொன்றின் மூலம் கல்வி பெறும் உரிமை 21 ஆவது உறுப்புரையிலே இருக்கிறது. இவை மீறப்பட்டால் ஒரு மாத காலத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம் என 126 ஆவது உறுப்புரை கூறுகின்றது.

தீவகப் பாடசாலைகளிலே கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் கிடைப்பது எவ்வளவு அரிது என்பதை நாமறிவோம். ஆசிரியர்களை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. நாள்தோறும் பஸ்ஸிலும், குறிகாட்டுவானிலிருந்து படகிலும் அலைகின்றவருக்கு விடுதியும் போக்குவரத்தும் கொடாமல், அவர் நிலைத்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாமா?

ஆகவே ஒன்று செய்யுங்கள். எந்த வகுப்புக்கு, எந்தப் பாடத்துக்கு, எத்தனை நாள் ஆசிரியர் இல்லை என்பதைத் திகதியோடு ஒரு கொப்பியிலே எழுதி வையுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் மூலம் அதை வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புங்கள்; பிரதியொன்றை வைத்திருங்கள். முறைப்பாடு காற்றோடு போகும், எழுத்து நிற்கும். அதற்குமேல் வேண்டிய சட்ட வேலையைக் கூலி பெறாமல் செய்து தர நாம் கடமைப்பட்டுள்ளோம். கடல் கடந்து வாழும் நம்மவர்க்கும் ஒரு வேண்டுகோள்: கோயிலுக்கும் திருவிழாவுக்கும் அனுப்பும் அன்பிலே ஒரு சிறு பங்கை மாலை வகுப்பொன்றுக்கும் அனுப்புங்கள்.

செல்வங்களே! இறுதியாக உங்களுக்கு. புலமைப்பரிசில் பரீட்சையிலே ஒரு புள்ளி குறைந்தால் வாழ்வு குறைந்துவிடாது. விளங்காததை விளங்கவில்லை என்று எழுந்து நின்று கேளுங்கள், கேட்பது வெட்கமன்று. அருகிலிருக்கும் தோழனிடம் கொப்பி இல்லையென்றால் உங்கள் கொப்பியிலே பாதியைக் கிழித்துக் கொடுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது அவ்வளவே.

மற்றவை யாவும் நாம் செய்ய வேண்டியவை. ஆசிரியரைக் கொண்டு வருவதும், உண்மைக்கும் நீதிக்கும் வழி தேடுவதும் உங்கள் சின்னத் தோள்களின் பாரம் அல்ல. அது உங்களுக்கு நாம் பட்ட கடன். அந்தக் கடனை நாம் தீர்க்கத் தவறினால், அடுத்த ஆண்டு இதே முற்றத்திலே எம்மை எழுப்பி நிறுத்திக் கேளுங்கள். பதில் சொல்ல நாம் வருவோம்.